நாலாவது ஆணியில் படகு

டெய்லர்: சரி, இது என்ன, சொல்லு.

கிரேன்: எது?

டெய்லர்: மூக்குக்கு முன்னாடி தொங்குதே, அது.

கிரேன்: ஏன், உனக்குக் கண் இல்லையா?

டெய்லர்: எனக்கு இருக்கு. உன் வாயால கேட்கணும்னு ஒரு ஆசை. போன சனிக்கிழமை ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு அழகா விளக்கம் சொன்னே...

கிரேன்: போன சனிக்கிழமை பார்த்த கண்காட்சியையே இந்தச் சனிக்கிழமையும் பார்க்க வர்றவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்டா. காலைல ஓவியம், மத்தியானம் சாப்பாடு, அப்புறம் சினிமா. வாரத்துல ஒரு நாள் வெளிய வர்றோம். அதுலயும் பழசையா...

டெய்லர்: பேச்சை மாத்தாதே. இது இந்தச் சுவர்ல நாலாவது.

கிரேன்: நாலாவதா? இரு... ம்ம்... படகு.

டெய்லர்: படகு.

கிரேன்: ஆமா. மூணு பேர் சேர்ந்து தண்ணிக்குள்ள தள்றாங்க. ரெண்டு பேருக்குச் சட்டை இல்லை. மூணாவது ஆள் தள்ற மாதிரி நடிக்கிறான். மேஸ்திரியா இருக்கணும்.

டெய்லர்: தண்ணி என்ன நிறம்?

கிரேன்: பச்சை. ஓரத்துல கொஞ்சம் அழுக்கு. எங்க துறைமுகத்துக்கே வந்து உட்கார்ந்து வரைஞ்சிருக்கான் பாவி.

டெய்லர்: நல்லாப் பாரு.

கிரேன்: நல்லாத்தான் பார்க்கறேன்.

டெய்லர்: நீ படத்தைப் பார்க்கலை. படத்துக்குப் பக்கத்துல இருக்கற சுவரைப் பார்க்கறே.

கிரேன்: எதையும் நேரா முறைக்கக் கூடாதுடா. கூச்சப்படும். கப்பல்லேருந்து ஒட்டகச்சிவிங்கியை இறக்கினப்ப அப்படித்தான். நேரா ஒரு தடவை பார்த்துத் தொலைச்சேன். பாதி ஆகாசத்துல தொங்கிட்டு இருந்தது, பயந்துபோய் கழுத்தை நீட்டி என் கிரேன் கேபின் ஜன்னலுக்குள்ள தலையை விட்டு...

டெய்லர்: ஆரம்பிச்சுட்டியா?

கிரேன்: ...என் டப்பாவைத் திறந்து மத்தியானச் சாப்பாட்டை மொத்தமும் தின்னுட்டுது. ஊறுகாயை மட்டும் தொடலை. பண்பான மிருகம்.

டெய்லர்: டேய், இது சலூன்.

கிரேன்: எது?

டெய்லர்: இந்தப் படம். ஒருத்தன் கண்ணாடி முன்னாடி உட்கார்ந்திருக்கான், முகம் முழுக்க நுரை. பின்னாடி ஒருத்தர் கத்தியைத் தீட்டறார். தண்ணியும் இல்லை, படகும் இல்லை, மேஸ்திரியும் இல்லை.

கிரேன்: இந்தக் காலத்து ஓவியம்டா. ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொண்ணாத் தெரியும்.

டெய்லர்: சிரிக்காதே. எட்டு டன்னைத் தலைக்கு மேல தூக்கறவன்டா நீ. கீழே நின்னு கை காட்டறது என் பையன்.

கிரேன்: தெரியும்.

டெய்லர்: அவன் சட்டைத் தோள்ல ஒரு கிழிசல் வந்துச்சு. ஆணில மாட்டிக்கிச்சுன்னான். நாப்பது வருஷமாத் துணி பார்க்கறேன். ஆணி கிழிச்சா நூல் ஒரு பக்கம் இழுபடும். இது மேலேருந்து வந்த கொக்கி. நாலு விரல்கடை தள்ளி வந்திருந்தா சட்டை தைக்க நானிருப்பேன், போட அவன் இருந்திருக்க மாட்டான்.

கிரேன்: இங்க வேண்டாம். எல்லாரும் பார்க்கறாங்க.

டெய்லர்: யாரு பார்க்கறாங்க? சொல்லு பார்ப்போம், யாரு?

கிரேன்: ...நான் தண்ணி குடிச்சுட்டு வரேன்.

*

காவலாளி: மாஸ்டர்... மாஸ்டர், இங்க வாங்க, தூண் பக்கம். சத்தம் போட்டா எனக்குத்தான் வினை.

டெய்லர்: நீ மாத்தி மாட்டினதுக்கு ரொம்ப நன்றிப்பா. உன் யூனிஃபார்ம் பேண்ட்டு தயாரா இருக்கு, இடுப்பு ரெண்டு அங்குலம் தளர்த்திட்டேன்.

காவலாளி: பேண்ட்டைத் தள்ளுங்க. ஒரு ஃப்ரெண்டுக்குச் சின்னப் பரீட்சைன்னுதானே படத்தை மாத்தச் சொன்னீங்க? அது இவருன்னு சொல்லவே இல்லையே!

டெய்லர்: இவனை உனக்குத் தெரியுமா?

காவலாளி: தெரியுமாவா? தினமும் வர்றார் மாஸ்டர். பத்து மணிக்குக் கதவு திறந்தா முதல் ஆளு. டிபன் டப்பாவோட அந்தப் பெஞ்சுல உட்காருவார். நாலரைக்குத்தான் எழுந்திருப்பார்.

டெய்லர்: தினமும்னா... வேலை நாள்லயா?

காவலாளி: வேலை நாள்லதான். ஒரு மாசம் இருக்கும். வீட்ல வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்துடறார். கண்ணு சரியில்லைன்னார், நான்தான் கூட நின்னு ஒவ்வொரு படமாச் சொல்லுவேன். போன சனிக்கிழமை எனக்கு லீவு, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்தது தெரியாது. அந்த மூணாவது ஆள் மேஸ்திரின்னு சொன்னதே நான்தான்.

டெய்லர்: அப்போ கிரேன்ல... அவன் ஏறலையா?

காவலாளி: இங்க உட்கார்ந்திருக்கறவர் அங்க எப்படி ஏறுவார்?

டெய்லர்: ஐயோ...

காவலாளி: என்ன மாஸ்டர்? உங்க பையனுக்கு ஆபத்து இல்லை. நல்லதுதானே?

டெய்லர்: நல்லதுதான்... ஒரு மாசம்னா சொன்னே?

காவலாளி: ஆமா.

டெய்லர்: ஒரு மாசத்துக்கு முன்னாடிதான், பையன் சட்டைக் கிழிசலைப் பார்த்துட்டு, துறைமுக ஆபீசுக்கு ஒரு கடுதாசி போட்டேன். பேர் போடாம. இந்தக் கிரேன் ஓட்டறவருக்குக் கண் போயிடுச்சு, இறக்கிடுங்கன்னு.

காவலாளி: நீங்களா?

டெய்லர்: மெதுவா பேசு! ஒண்ணுமே நடக்கலைன்னு நினைச்சேன். பையனைக் கேட்டா மாமா நல்லாத்தான் ஓட்டறார்ங்கறான். போன வாரம் இவன் படம் படமா ஒப்பிச்சதும் எனக்குச் சோறு இறங்கலை. கண்ணு நல்லா இருக்கறவன் பிழைப்புல மண்ணைப் போடப் பார்த்துட்டோமேன்னு. அதனாலதான் உன்னை மாத்தச் சொன்னேன்.

காவலாளி: உங்க பையன் எதுக்குப் பொய் சொல்லணும்?

டெய்லர்: இவன்தான் சத்தியம் வாங்கியிருப்பான். மாமான்னா அவனுக்கு உயிரு. சின்ன வயசுல தோள்ல தூக்கிட்டுப் போய் சினிமா காட்டினது யாரு? இவன்தான்.

காவலாளி: சொல்லிடுங்க மாஸ்டர்.

டெய்லர்: என்னன்னு சொல்ல? உன்னைக் கீழே இறக்கினது நான்தான்னா? முப்பத்தோரு வருஷமா ஒரு சனிக்கிழமை விடலை நாங்க.

காவலாளி: அவர் வர்றார். நான் போறேன்... பன்னெண்டுக்குக் கண்காட்சி நடத்தற மேடம் வந்துடுவாங்க, அதுக்குள்ள படகைப் பழைய இடத்துல மாட்டணும். நீங்க பாட்டுக்குக் கண்ணைத் துடைச்சுட்டு நிக்காதீங்க, சலூன் படத்துக்கு யாரும் அழமாட்டாங்க.

*

கிரேன்: என்னடா இது, மீனைப் பிய்ச்சுப் பிய்ச்சு என் தட்டுல வைக்கறே?

டெய்லர்: முள்ளு.

கிரேன்: கல்யாணம் ஆன புதுசுல என் பொண்டாட்டி கூட இப்படிச் செஞ்சதில்லை. பக்கத்து மேஜைல தப்பா நினைக்கப் போறாங்க.

டெய்லர்: நினைக்கட்டும். சாப்பிடு.

கிரேன்: அந்த வாட்ச்மேன் சொல்லிட்டானா?

டெய்லர்: ...ம்.

கிரேன்: ஓட்டை வாய். குரல் கொடுத்துப் படம் காட்டறதுல கெட்டிக்காரன், ஆனா வாய் நிக்காது.

டெய்லர்: எவ்வளவு தெரியுது?

கிரேன்: ஓரமெல்லாம் தெரியுது. நடக்கலாம், பஸ்ஸுல ஏறலாம். நேராப் பார்த்தா நடுவுல புகை. இப்ப உன்னைப் பார்த்தா ரெண்டு காது தெரியுது, மூக்கு இல்லை. பெரிய நஷ்டம்னு சொல்ல முடியாது.

டெய்லர்: டாக்டர்?

கிரேன்: பார்த்தாச்சு. போனது போனதுதானாம். இருக்கறதைக் காப்பாத்தலாமாம், சொட்டு மருந்து கொடுத்திருக்கார்.

டெய்லர்: ஏன்டா என்கிட்ட சொல்லலை?

கிரேன்: உன்கிட்ட எப்படிடா சொல்றது? உன் பையன் கை தூக்கி நிறுத்துங்கறான். எனக்கு அவன் ரெண்டு பக்கமும் தெரியுது, நடுவுல கை இருக்கற இடத்துல புகை. கொக்கி இறங்கிட்டே போகுது. அவன் குதிச்ச சத்தம் கேட்டுத்தான் பிரேக் போட்டேன். கப்பல்ல இருக்கறவன் எல்லாம் கத்தறான். மேல நான்... விடு.

டெய்லர்: சொல்லு.

கிரேன்: சாப்பிடற இடம்டா.

டெய்லர்: அப்புறம்? ஆபீஸ்ல... ஆபீஸ்லேருந்து யாராவது ஏதாவது...

கிரேன்: ஆபீஸ்ல என்ன?

டெய்லர்: இல்ல, யாராவது கூப்பிட்டுக் கேட்டாங்களா? எழுதி கிழுதி...

கிரேன்: ஏன் தண்ணி டம்ளரை உருட்டறே?

டெய்லர்: சும்மா கேட்டேன்.

கிரேன்: யாரும் கேட்கலை. நானா இறங்கிட்டேன். மறுநாள் காலைல போய் மேனேஜர் மேஜைல சாவியை வெச்சேன், போதும் சார்னேன். அவர் அழுதுட்டார். தலையைக் குனிஞ்சு நின்னார். துறைமுகத்துல அரை மணி நேரம் கொடி இறக்கி வெச்சாங்க.

டெய்லர்: கொடியா?

கிரேன்: ரெண்டு கப்பல் சங்கு ஊதுச்சு.

டெய்லர்: நீயா இறங்கினே. வேற யாரும் சொல்லி இல்லை?

கிரேன்: நானா இறங்கினேன். உனக்கு என்னடா, முகத்துல திடீர்னு வெளிச்சம்? காது ரெண்டும் பளபளங்குது.

டெய்லர்: ஒண்ணுமில்ல. மீன் நல்லா இருக்கு.

கிரேன்: நீ இன்னும் ஒரு வாய் கூட வைக்கலையே.

டெய்லர்: பார்த்தாலே தெரியுது.

கிரேன்: கொடுத்து வெச்சவன். சரி, சீக்கிரம் சாப்பிட்டுட்டு எழுந்திரு, ரெண்டரை மணிக் காட்சி.

*

டெய்லர்: குனி... இங்க படி இருக்கு. ஒண்ணு, ரெண்டு... அவ்வளவுதான். இந்த ரெண்டு சீட்டு.

கிரேன்: தெரியுதுடா. இருட்டுல உனக்குத்தான் தெரியாது, எனக்கு எல்லா இடமும் ஒண்ணுதான்.

டெய்லர்: படம் உனக்கு எப்படி...

கிரேன்: ஓரத்தால பார்ப்பேன். மீதியை வசனத்துல பிடிச்சுக்குவேன். ஒரு மாசமா அப்படித்தானே பார்க்கறேன், நீ கண்டுபிடிச்சியா? போன வாரம் கதாநாயகி செத்துட்டான்னு நீ அழுதே. நான் அவ தூங்கறான்னு நினைச்சுட்டு இருந்தேன்.

டெய்லர்: வீட்ல எப்பச் சொல்லப் போறே?

கிரேன்: திங்கக்கிழமை. நீயும் வா. அவ தூக்கி எறியற பாத்திரம் எந்தப் பக்கமா வருதுன்னு சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும்.

டெய்லர்: வரேன்.

கிரேன்: என்ன, பெருமூச்சு?

டெய்லர்: கிரேனு...

கிரேன்: சொல்லு.

டெய்லர்: இல்ல... அப்புறம் சொல்றேன்.

கிரேன்: இப்பச் சொல்லு. விளம்பரம்தான் ஓடுது.

டெய்லர்: நீயா இறங்கிட்டேன்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே நான் வாயைத் திறக்க வேண்டாம், இது என்னோடவே போயிடும்னு. மீனைக் கூட ருசியா சாப்பிட்டேன். இங்க வந்து உட்கார்ந்தா... உன் பக்கத்துல உட்கார முடியலைடா.

கிரேன்: சீட்டு ஸ்பிரிங்கு போயிருக்கும்.

டெய்லர்: விளையாடாதே! நான் உனக்கு ஒண்ணு செஞ்சுட்டேன். நீயா இறங்கியிருந்தாலும் சரி, நான் செஞ்சது செஞ்சதுதான். உன் முதுகுக்குப் பின்னாடி... பின் வரிசைக்காரர் உஸ்ஸுங்கறார்.

கிரேன்: அவருக்கும் கேட்கணும்னு ஆசை. சொல்லு.

டெய்லர்: ஆபீசுக்குக் கடுதாசி போட்டேன். உன் கண்ணைப் பத்தி. பேர் கூடப் போடலை, அவ்வளவு கோழை. நான்தான்டா அது.

கிரேன்: பேர் போடலைன்னு தெரியும். மேனேஜர்தான் வாசிச்சுக் காட்டினார். கொடியும் இறக்கலை, கப்பலும் ஊதலை, நானா இறங்கவும் இல்லை. கொக்கி தப்பின அப்புறமும் எட்டு நாள் ஏறினேன், உன் பையனைக் கீழே நிக்க வெச்சு. அந்தக் கடுதாசி வரலைன்னா இன்னைக்கும் ஏறியிருப்பேன். அதை உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. கடைசி வரில, அவர் சிரிச்சுக்கிட்டே கேட்பார், அதை நம்பிடாதீங்க, மெதுவாச் சொல்லுங்கன்னு எழுதியிருந்தான். என் சிரிப்பை நம்பாதவங்க இந்த ஊர்ல ரெண்டே பேரு. என் பொண்டாட்டியா இருந்தா கடுதாசி எழுதிட்டு இருக்கமாட்டா, அவளே மேல ஏறி வந்து என்னைக் காதைப் பிடிச்சு இறக்கியிருப்பா. மிச்சம் இருக்கற ஒருத்தனைத்தான் நாலு சனிக்கிழமையா மீனு, சினிமான்னு கூட்டிட்டு அலையறேன், எப்பத்தான் வாயைத் திறப்பான்னு. அழாதே, உஸ்ஸுங்கறாங்க. படம் போட்டுட்டான் போல... யாரோ ஓடறாங்களே, அது ஆம்பளையா, பொம்பளையா?