வெளியிலிருந்தும் பார்க்கணும்

சனிரா: ஏத்தாதீங்க. கீபோர்டுலேர்ந்து கையை எடுங்க முதல்ல.

துராத்: எடுத்துட்டேன்... தலைக்கு மேல தூக்கணுமா?

சனிரா: போன வருஷமும் இப்படித்தான் சிரிச்சீங்க. முன்ன பின்ன பாக்காம ஸ்கிரிப்டை ஏத்தினீங்க. வழிதவறின ஆடு, மாடு, குதிரைக்குன்னு இருந்த ஒரே சைட்டும் காணாமப் போச்சு.

துராத்: அதை இன்னும் எத்தனை தடவை...

சனிரா: சாகுற வரைக்கும். குல்சூன் அக்கா தன் குதிரையைக் காணோம்னு போட்டிருந்தாங்க. சைட் படுத்த வாரத்துல அதை எவனோ பிடிச்சு வித்துட்டான். அவங்க முகத்தை எப்படிப் பாக்குறீங்க?

துராத்: பாக்குறதில்ல. அந்தத் தெருப் பக்கமே போறதில்ல... அதனாலதான் இந்தத் தடவை நீங்க கிழிச்ச கோட்டைத் தாண்டல. நாளன்னிக்கு மந்தையெல்லாம் மலையிலேர்ந்து இறங்குது, சனிரா. அதுக்குள்ள சைட் ஓடணும்.

சனிரா: ஓடும். டேட்டாபேஸ் இருக்கா?

துராத்: இருக்கு. உள்ள போய்ப் பாத்துட்டேன்.

சனிரா: போட்டோ வந்து விழற ஃபோல்டருக்கு எழுத அனுமதி?

துராத்: அதுக்கு மட்டும் குடுத்திருக்கேன். எல்லாத்தையும் திறந்து போடல... நாய் ரொம்பக் குரைக்குதே.

சனிரா: எங்க வீட்டு நாய்தான். இன்னிக்கு வீட்லேர்ந்து வேலை. விருந்தாளிங்க வந்திருக்காங்க.

துராத்: ஓ... என்ன விசேஷம்?

சனிரா: எனக்குத் தோடு போட்டு நிச்சயம் பண்ண வந்திருக்காங்களாம். உங்க ஊர் அத்-பாஷிக்காரங்கதான். எங்கம்மா மாவு பிசைஞ்சு போர்சோக் பொரிச்சு மேசை நிறையக் கொட்டி வச்சிருக்காங்க. நான் சமையல்கட்டுல, லேப்டாப்போட ஒளிஞ்சிட்டிருக்கேன்.

துராத்: மாப்பிள்ளை யாரு?

சனிரா: பேரைக்கூடக் கேக்கல. வேணாம்னு சொல்லப் போறவளுக்குப் பேர் எதுக்கு?

துராத்: அய்யோ, ஃபோன் நழுவிடுச்சு.

சனிரா: லைன்ல இருக்கீங்களா?

துராத்: இருக்கேன். ஏன் வேணாம்? ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்... நல்ல மனுஷங்களா இருந்தா?

சனிரா: அந்தம்மா நல்லாத்தான் பேசுறாங்க. கூட ஒரு பொண்ணு. வந்ததும் வராததுமா என் தம்பிகிட்ட வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கிட்டு முற்றத்துக்கு ஓடிட்டா. பொண்ணு பாக்க வந்தாளா, நெட் பாக்க வந்தாளான்னு தெரியல.

துராத்: சின்னப் பொண்ணுங்கன்னா அப்படித்தான்...

சனிரா: என் மனசுல வேற ஒண்ணு இருக்கு. அதை விடுங்க. சர்வர்ல ஸ்கிரிப்டை ஓட்டுற பி.எச்.பி. எந்த வெர்ஷன்?

துராத்: வேறன்னா... யாராவதா?

சனிரா: வெர்ஷன் கேட்டேன்.

துராத்: எட்டு. ஸ்கிரிப்டுக்கும் எட்டு போதும். ஏத்திடவா?

சனிரா: எட்டுன்னு எங்க பாத்தீங்க?

துராத்: சர்வருக்குள்ள போய், கட்டளை அடிச்சுத்தான்.

சனிரா: போன வருஷமும் அங்கதான் பாத்தீங்க. உள்ள நின்னு கேட்டா ஒரு பதில் சொல்லும். சைட்டுக்கு வர்றவங்களுக்கு வேற பழசு ஓடிட்டிருக்கும். வெளியிலிருந்தும் பார்க்கணும். ஒரு சோதனைப் பக்கம் வச்சிருக்கேன், உங்க பிரவுசர்ல திறங்க.

துராத்: திறந்துட்டேன்... அட. அஞ்சுங்குது.

சனிரா: அதான். போன வருஷம் விழுந்த குழி இதுதான்.

துராத்: எட்டுன்னு அவ்வளவு அடிச்சுச் சொன்னேனே... வெக்கமா இருக்கு. மாத்த முடியுமா?

சனிரா: இருங்க, இது என்ன...

துராத்: சனிரா? முடியாதா?

சனிரா: முடியும்... ஒண்ணு பாத்துட்டிருந்தேன். நீங்க இப்ப எங்க இருக்கீங்க?

துராத்: ஆபீஸ்லதான். அத்-பாஷியில. வேற எங்க இருக்கப் போறேன்?

சனிரா: அங்க குளிரா?

துராத்: பனி கொட்டுது. விரல் விறைச்சுப் போச்சு.

சனிரா: பாவம். இங்க நாரின்ல வெயில் அடிக்குது. ஆமா, உங்க ஊர்ல தோடு போடுற அன்னிக்கு மாப்பிள்ளை கூட வர மாட்டாரா?

துராத்: வரக் கூடாது. வழக்கம் அப்படி. அம்மாதான் வருவாங்க... பொதுவாச் சொல்றேன்.

சனிரா: வெர்ஷனை மாத்திட்டேன். சர்வர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அம்மா கூப்பிடறாங்க, ஹால்ல ஒரு பதில் சொல்லிட்டு வந்துடறேன். லைனை வெக்காதீங்க.

துராத்: சனிரா, ஒரு நிமிஷம். அவசரப்பட்டு எதுவும்... ஹலோ? ஹலோ?... அட கடவுளே.

சனிரா: வந்துட்டேன்.

துராத்: என்ன சொன்னீங்க?

சனிரா: சோதனைப் பக்கத்தை மறுபடி திறங்க.

துராத்: எட்டு. இப்ப எட்டு... அங்க என்ன சொன்னீங்க?

சனிரா: அந்தப் பக்கத்தை அழிச்சுட்டேன். திறந்து கிடந்தா திருடனுக்கு வீட்டுப் படம் குடுத்த மாதிரி. இப்ப ஏத்துங்க.

துராத்: ஏத்துறேன்... வந்துடுச்சு. சனிரா, வந்துடுச்சு. போட்டோகூட விழுது. முதல்ல எதைப் போட?

சனிரா: குல்சூன் அக்கா குதிரை. நெத்தியில வெள்ளை, இடது தொடையில சூடு.

துராத்: அதைத்தான் வித்தாச்சே...

சனிரா: வாங்கினவன் கண்ணுல படட்டும். திருட்டுக் குதிரைன்னு தெரிஞ்சா திருப்பிக் குடுக்க ஆள் இல்லாமலா போயிடும்? போட்டுட்டு நேராப் போய் அக்காகிட்ட காட்டுங்க.

துராத்: போறேன். இந்தத் தடவை போறேன்... சனிரா, கோவிச்சுக்காதீங்க. அந்தத் தோட்டைத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?

சனிரா: சோதனைப் பக்கத்தை யார் எங்கேர்ந்து திறந்தாலும் சர்வர் குறிச்சு வச்சுக்கும், துராத். நீங்க திறந்தது எங்க வீட்டு வைஃபைலேர்ந்து, அந்தப் பொண்ணு வாங்கிட்டு ஓடின பாஸ்வேர்டுல. என்னை ஒரு வார்த்தை கேக்காம அம்மாவை அனுப்பிட்டு, முன்ன பின்ன பாக்காம இதையும் ஏத்தப் பாத்தீங்க இல்ல, அதுக்குத் திட்டு தனியா இருக்கு. மாப்பிள்ளை இன்னிக்கு வாசப்படி ஏறக் கூடாதுன்னு உங்கம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அதனால டீயை நானே வெளியில கொண்டு வந்துட்டேன். தோடு காதுலதான் இருக்கு. கார் கண்ணாடியை இறக்குங்க.