தோழி மாற்றிச் சொன்ன சொல்

அன்புள்ள கௌதமனுக்கு, ஜெபராணி எழுதுவது.

நாம் வேலை செய்த அந்தப் படத்தில் இளவரசியின் ரவிக்கைக் கை தொளதொளவென்று இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அது எங்கள் தையலின் குறை இல்லை. அளவெடுத்த பிறகு அந்த நடிகை பட்டினி கிடந்து இளைத்துவிட்டாள். அரண்மனைப் பெண் வேளாவேளைக்குச் சாப்பிட்டிருப்பாள் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

நீங்கள் என் தங்கை கிளாடிசுக்கு எழுதிய கடிதம் என் கைக்குத்தான் வந்தது. தோழி பொய் சொல்லும் காட்சி வந்ததும் எழுந்து தியேட்டரை விட்டு வெளியே போய்விட்டீர்களாம். அன்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தை எப்படிப் படத்துக்குள் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒழுங்காகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கோபியில் வாழைத்தோட்டத்தை ஒட்டி அரண்மனை செட் போட்டிருந்தபோது நீங்கள் தெர்மாகோலில் சிங்கம் செதுக்கினீர்கள். நாங்கள் தகரக் கொட்டகையில் உடை தைத்தோம். இளவரசி குறுவாளால் குத்திக்கொண்டு சாகும் காட்சிக்கு ஒரே மாதிரி ஐந்து பாவாடை. ஒரு டேக்குக்கு ஒன்று ரத்தமாகிவிடுமே. கிளாடிஸ் அதைத் தைத்துக்கொண்டே உங்கள் சிங்கங்களைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு சிங்கத்துக்கு உங்கள் மூக்கே இருக்கிறது என்பாள். மறுநாளே அவள் மிஷினைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன்.

எனக்கு அது பிடிக்காததற்கு மதம்தான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை. போதகர் மறுப்பார் என்று நம்பி நானே அவரிடம் போய் உங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டார். எனக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று.

நீங்கள் ஐதராபாத் வேலைக்குக் கிளம்பிய காலையில் கிளாடிஸ் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவள் போன் என் தையல் மிஷின் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்.

"ஜெபக்கா, கிளாடிசு வந்தாச் சொல்லிப்போடுங்க. போயிட்டு வாரேனுங்க. வந்ததும் ஊட்ல பேசி முடிச்சுப்போடலாம்" என்றீர்கள்.

அவள் வந்தாள். செட் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"கெளம்பிட்டாருங்களா? என்ன சொன்னாருங்கக்கா?"

"போறேன்னாரு கண்ணு."

"வாரேன்னு சொல்லலீங்களா?"

"இல்லியே அம்மணி."

நான் சேர்த்துச் சொன்னது எதுவும் இல்லை. கொஞ்சம் குறைத்தேன், அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்தில் உறவை முறித்துக்கொண்டு போகிறவன்தான் வெறுமனே போறேன் என்பான். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவரைக் கூப்பிட்டுக் கேட்க அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. உங்கள் எண்ணை அவள் நூல் வாங்கி வருவதற்குள் நான் பிளாக் செய்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த நேரம், வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டீர்கள். அவள் போன் என் பையில் இருந்தது. வால்பாறையில் அவளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்றேன். "நல்லா இருக்கச் சொல்லுங்க" என்றீர்கள். அதையும் நான் சொல்லவில்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயம். வசனகர்த்தா சசிதர் சென்னைக்காரர். இளவரசன் சொல்லி அனுப்பியதைத் தோழி மாற்றிச் சொல்லும் இடத்தில் மனுசன் மூன்று பக்கம் எழுதிவைத்து, நம்புகிற மாதிரி இல்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குங்க அத்தனை? ஒரு சொல்லு போதுங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். எங்கோ யாருக்கோ நடந்ததாகத்தான் சொன்னேன். எழுந்து நின்று கும்பிட்டார். படத்தின் முடிவில் ஓடுகிற பெயர்களில் தையல் என்ற இடத்தில்கூட என் பெயர் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

படத்தைக் கோயம்புத்தூரில் போய்ப் பார்த்தோம். அந்தக் காட்சியில் என் பக்கத்து சீட்டு அம்மா, "இவ நாக்கு அழுவிப் போக" என்று சபித்தார். அவருக்குப் பாப்கார்ன் நீட்டினேன்; எடுத்துக்கொண்டார். கிளாடிஸ் கடைசி வரை அழுதாள். திரும்பி வரும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்காச்சும் நடுவுல ஒருத்தி கெடுத்துப்போட்டா. எனக்கு அவரேதானுங்கக்கா போறேன்னு போயிட்டாரு" என்றாள். நானும் அழுதேன். பொய்யாக இல்லை, நிஜமாகவே அழுதேன்.

படத்தில் இரண்டு பேர் செத்துப்போகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. கிளாடிஸ் காலையில் இரண்டு தோசை சாப்பிடுகிறாள். முன்பு நான்கு சாப்பிடுவாள். வயதானால் குறைவது வழக்கம்தானே. அவளுக்கு இப்போது முப்பத்திரண்டு.

ஆமாம், நான்தான் செய்தேன். ஒருத்திக்கு மட்டும் சோறாக்கி, தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. வேறு காரணம் எவ்வளவு தேடினாலும் கிடைக்கவில்லை.

இந்த ஞாயிறு நேரில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதனால் எங்கள் தையல் கடையைக் காலி செய்துவிட்டேன். வெளியூரில் நல்ல ஆர்டர் கிடைத்திருக்கிறது என்று கிளாடிசிடம் சொன்னேன். எந்த ஊர் என்றுகூட அவள் கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு எதிரில்தான் உட்கார்ந்து, மிஷினுக்குப் பழைய துணி சுற்றிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இதைப் படிக்கும்போது நாங்கள் கோபியில் இருக்கமாட்டோம். புது விலாசம் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும்.

உங்களுக்கு நூறு ஊர், நூறு சினிமா. கிளாடிஸ் பாவம். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?