தையல்காரர் அனுப்பிய சீட்டு

நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் பதினான்கு பேர் பதினான்கு பேராகத்தான் தெரிவார்கள். அரைவட்டமாக வளைத்துப் போட்டால் கூட்டம் சேர்ந்துவிட்டது போல இருக்கும். எங்கள் நூலக வாசகர் வட்டத்துக்கு இந்த வித்தையைக் காட்டியவர் தையல்காரர். மாதக் கடைசி ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாக வந்துவிடுவார். கதை, கவிதை எதுவும் எழுதமாட்டார். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவரைப் போல நாலு பேர் இருந்தால் எந்த இலக்கியக் கூட்டமும் நொண்டாமல் நடக்கும்.

நான் செயலாளர். பதினேழு வருடமாக முன்னால் வரவேற்புரை மூன்று நிமிடம், பின்னால் நன்றியுரை மூன்று நிமிடம். நடுவில் பேசுகிறவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள். அவர்கள் மனம் கோணக்கூடாது என்று ஒரு ஒழுங்கும் வைத்தேன். யாரும் குறுக்கே வாய் திறக்கக் கூடாது, எழுந்து நடமாடக் கூடாது. எதுவானாலும் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, கைமாற்றி மேடைக்கு அனுப்ப வேண்டும். நடுவில் யாரும் பிரிக்கக் கூடாது. பெரும்பாலும் 'நேரமாகிவிட்டது' என்றுதான் இருக்கும். பேச்சாளர்களும் அதைப் பிரிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். இந்த ஒழுங்கைத் தையல்காரர் அளவுக்கு மதித்தவர் வேறு யாருமில்லை.

போன மாதம் சிறப்புப் பேச்சாளருக்குக் காய்ச்சல். நூலகர் கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்து, "நீங்களே பேசிடுங்களேன் சார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருடமாகப் பையில் தூக்கிக்கொண்டு திரிந்த கட்டுரையை எடுத்தேன். பதினோரு பக்கம். முதலில் கொஞ்சம் தடுமாறினேன், பிறகு பிடித்துக்கொண்டது. ஒருவர் சிரித்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை குறிப்பெடுத்தார். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஐந்தாம் பக்கத்தை முடிக்கும்போது சீட்டு வந்தது. வாங்கிப் பையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தேன். தையல்காரர் கண்ணை மூடியிருந்தார். கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவர் எழவில்லை. அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

நேரச் சீட்டு என்று நினைத்துப் பிரிக்கவே இல்லை என்றேன். வழக்கம் அப்படித்தானே, எல்லோரும் நம்பினார்கள். என் தோளைத் தட்டி என்னைத்தான் தேற்றினார்கள். நானும் கூச்சமில்லாமல் தேற்றிக்கொண்டேன்.

நேற்று அவர் மனைவி நூலகத்துக்கு வந்தார். கணவர் கையால் கடைசியாக எழுதியது அந்தச் சீட்டுதான், இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். எங்கேயோ தொலைந்துவிட்டது என்றேன்.

"மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கண்ணா. பிரிச்சுப் பாத்திருந்தா நிறுத்தியிருப்பீங்க, எனக்குத் தெரியாதா?"

கூனிக் குறுகிப் போனேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதனால் இதை வட்டத்தின் குறிப்பேட்டில் எழுதுகிறேன். அடுத்த கூட்டத்தில் போன மாதக் குறிப்பைச் சத்தமாக வாசிப்பார்கள். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் முகத்தில் முழிக்க எனக்குத் திராணி இல்லை. சீட்டு தொலையவில்லை. இந்தப் பக்கத்தோடு குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். 'நெஞ்சை அடைக்குது. எழுந்தா பேச்சு கெட்டுப்போகும். தயவுசெஞ்சு கொஞ்சம் நிறுத்துங்க' என்று எழுதியிருக்கிறது.

மேடையிலேயே பிரித்தேன். இரண்டு தடவை படித்தேன். வெட்கக்கேடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது பாக்கி இருந்தது ஆறே பக்கம்தான்.