வெள்ளைக்காரன் விட்டுப்போன ஃபேன்

1998, மே மாதத்து ஒரு சனிக்கிழமை. காளிகாட் நோக்கிப் போன மெட்ரோவில் எனக்கு எதிரே ஒரு தமிழ்த் தம்பதி.

"நாளைக்கு எங்கப்பா வந்தா, அந்த பெட்ரூம் ஃபேனுக்குக் கீழே படுக்க விடமாட்டேன்" என்றாள் மனைவி.

"பழைய இரும்புக் கடையில தேடிப் பிடிச்சு, துரு சுரண்டி, மோட்டாருக்குப் புதுசா காயில் கட்டி, பெயின்ட் அடிச்சிருக்கேன். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்குடி!"

"அது ஆடற ஆட்டத்தைப் பாத்து பயந்துதான் அவனே விட்டுட்டுப் போயிருப்பான்."

"ஒண்ணும் விழாது. நானே மாட்டினது."

"அதான் பயமே. மாட்டின நாள்லேர்ந்து நீங்க மட்டும் ஏன் ஹால்ல படுக்கறேள்?"

காளிகாட்டில் வண்டி நின்றது. கணவர் எழுந்துகொண்டே சொன்னார்:

"அங்கேர்ந்து பாத்தாத்தான் அது சுத்தற அழகு தெரியறது."

"அப்போ அப்பாவுக்கும் அங்கேயே பாய் போடறேன். ரெண்டு பேருமா பாருங்கோ."