மூன்று பேர் கிளம்பினார்கள், நான்கு பேர் வந்தார்கள்

மேடையில் வீற்றிருக்கும் நிலையத் தலைவர் அவர்களே, மறைந்த ஐயாவின் துணைவியார் மாரியாயி அம்மா அவர்களே, மகள் தாமரை அவர்களே, வாரம் மூன்று முறை சிரித்த முகத்தோடு எங்களை ஊசியால் குத்தும் நர்ஸம்மா மிஸ்ஸி புனிதா அவர்களே, ஊசி ஏறிய கை வலிக்கிறது என்று தலையை மட்டும் ஆட்டி வணக்கம் வைத்த என் மெஷின் சொந்தங்களே! எல்லோருக்கும் இந்தப் பாலனின் வணக்கம்.

படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, ஆறாம் வகுப்போடு ஓடிப்போன லோரிக்காரனை எதற்கு மைக் முன்னால் நிறுத்தினார்கள்? நானும் தலைவரிடம் கேட்டேன். "ஐயாவை அதிகமாகக் கிண்டல் செய்தது நீதானே? அப்படியென்றால் அவர் பேச்சை நீதான் ஒழுங்காகக் கேட்டிருப்பாய்" என்றார். உண்மைதான். என் வாயில் பாதி பொய்தான் வரும். ஆனால் காது இரண்டும் நல்ல காது.

அலுப்பாக இருக்கிறது, பெரியோர்களே. நேற்றுதான் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் கிடந்தேன். அந்த அலுப்பு மட்டும் இல்லை. ஒன்பது ஆண்டாக மேரு சாலையில் உள்ள இந்த நிலையத்துக்கு வருகிறேன். செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு எடை பார்ப்பார்கள். திருட்டுத்தனமாக எவ்வளவு தண்ணீர் குடித்தோம் என்று அந்த எடை மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஆளுக்கொரு நாற்காலி.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாற்காலி காலியாக இருந்தால், "எங்க அவரு?" என்று யாரும் கேட்கமாட்டோம். மிஸ்ஸி விரிப்பை உருவி, மருந்து போட்டுத் துடைப்பார். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வோம். அடுத்த வாரம் அதில் வேறு ஒருவர் வந்து உட்காருவார். "பசியாறியாச்சா?" என்று அவரைக் கேட்போம். இப்படிப் பதினேழு நாற்காலிகளைத் துடைப்பதைப் பார்த்துவிட்டேன். பதினேழு பேருக்கும் இரங்கல் கூட்டம் போட்டோமா? போட்டிருந்தால் மண்டபத்துக்காரர் எங்கள் கையிலேயே சாவியைக் கொடுத்திருப்பார்!

அப்படியென்றால் பதினெட்டாவது ஆளுக்கு மட்டும் ஏன் கூட்டம்?

ஏனென்றால் அவர் ரயில்வே சுகுமாறன் அவர்கள்! பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, முப்பத்தொரு ஆண்டு ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மூன்றாம் நாற்காலிக்கு வந்த முதல் வாரமே அவர் ஒரு கதையை ஆரம்பித்தார். எழுபத்தொன்றாம் ஆண்டு வெள்ளம். மிதக்கிற கூரைமேல் ஒரு குடும்பம். எதிரே மிதந்து வரும் கூரையில் ஒரு மலைப்பாம்பு. இரண்டு கூரையும் நெருங்குகின்றன. நெருங்குகின்றன... பீப், பீப், பீப்! மெஷின் கத்துகிறது, நேரம் முடிந்தது.

"மீதி வியாழக்கிழமை" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நம் பவுனம்மாள் அக்கா மழை பெய்தால் நிலையத்துக்கு வராதவர். அந்த வியாழக்கிழமை கொட்டுகிற மழையில் முதல் ஆளாக வந்து நின்றார். "பாம்பு என்னாச்சு லா? எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல!"

ஒருநாள் நான் கேட்டேன். "அண்ணே, இதெல்லாம் நெஜமா?"

"ரயில்ல ஒருத்தன் சொன்னான். டிக்கெட் இல்லாம வந்த ஆளு. நீயே முடிவு பண்ணிக்க."

கப்பல் முழுகிய கதை, குண்டு விழுந்த ஸ்டேஷன் கதை, காட்டில் காணாமல் போனவன் கதை. ஒன்றாவது அன்றைக்கே முடிந்ததா? முடிந்ததே இல்லை! பயங்கரமான இடமாகப் பார்த்து நிறுத்துவார். நானும் விடாமல் கிண்டல் செய்வேன்.

கடைசிக் கதை சயாம் ரயில். ஜப்பான்காரன் காலத்தில் டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, சயாமில் தண்டவாளம் போட ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே காலரா. ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். ஒரு விடியற்காலை மூன்று பேர் முகாமைவிட்டுத் தப்பி, தெற்கே பார்த்து நடக்கிறார்கள். மாதக்கணக்கில் நடை. ஆனால் அவர் கதையை ஆரம்பித்தது கடைசியிலிருந்து. "தோட்டத்துக் குழாயடியில பொம்பளைங்க நிக்கறாங்க. தூரத்துல நம்ம ஆளுங்க வராங்க. எண்ணிப் பாக்கறாங்க. கெளம்புனது மூணு பேரு. வர்றது நாலு பேரு."

யார் அந்த நாலாவது ஆள்? பதினொரு வாரம்! நஜ்முதீன் பாய், "ராணுவத்தை விட்டு ஓடியாந்த ஜப்பான்காரன்" என்றார். பவுனம்மாள் அக்கா, "ஆம்பள வேஷம் போட்ட பொண்ணு" என்றார். நான், "தோட்டத்துக் கங்காணி. மூணு பேரு வேலைக்கு வரலைன்னு தேடிக்கிட்டே போயிருப்பான்" என்றேன். ஐயா சிரித்துச் சிரித்து அவர் மெஷின் கத்தியது. மிஸ்ஸி என்னைத் திட்டினார்.

எங்களை வீட்டில் விடும் நிலையத்து வேனில் கடைசியாக இறங்குவது ஐயாவும் நானும்தான். ஒருநாள், "அண்ணே, அவங்க நடந்து வராங்களா, ஊர்ந்து வராங்களா? சயாம்ல ரயிலே போட்டு முடிச்சிருப்பானுங்க" என்றேன். அன்று அவர் சிரிக்கவில்லை.

"கதைய முடிச்சிட்டா மாதவி வராது, பாலா."

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாதவியைப் பலருக்குத் தெரியும். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண். முப்பத்து நான்கு வயது. பெயரைச் சொல்லலாமா என்று இன்று மண்டப வாசலிலேயே கேட்டுவிட்டேன். "சொல்லுங்கண்ணே. வேணாம்னாலும் சொல்லத்தான் போறீங்க" என்றது. எடை பார்க்க வரிசையில் நின்றபோது மாதவி ஐயாவிடம் சொல்லியிருக்கிறது: "எனக்குப் போதும் அங்கிள். இந்தக் கதை முடியட்டும். அதோட நானும் மெஷின நிறுத்திக்கிறேன்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று இந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியாது?

ஐயா அறிவுரை சொன்னாரா? இல்லை. போதும் என்று நினைக்காதவர் எங்களில் யார்? அவரும் நினைத்திருப்பார். அதனால் வேறு வேலை செய்தார். மூன்று பேரையும் ஆற்றங்கரையில் ஒரு வாரம் உட்கார வைத்தார். ஒருவனுக்குக் காய்ச்சலைக் கொடுத்தார். இன்னொருவனைக் காட்டில் தொலைத்து, மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்தார். நானோ, இழுக்கிறார், இழுக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு உயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷன்! அன்று வேனில் அவர் சொல்லும்வரை எனக்கு எங்கே தெரிந்தது?

போன வாரம் சனிக்கிழமை அவர்கள் குழாயடிக்கே வந்துவிட்டார்கள். நாலாவது ஆள் தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கிறான். பீப், பீப். "மீதி செவ்வாய்க்கிழமை" என்றார். ஞாயிறு காலை, வீட்டில், பசியாறிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாதவிதான் முதலில் வந்தது. புனிதா மூன்றாம் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. மாதவிதான் வழக்கத்தை உடைத்தது. "இவருக்காவது ஒரு கூட்டம் போடுங்க. அதுக்கு வரேன்" என்றது. வியாழக்கிழமை வரவில்லை. புனிதா நான்கு தடவை போன் செய்தார். நேற்று சனிக்கிழமை மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் வீங்கி வந்தது. நான்கு மணி நேரமும் கண்ணைத் திறக்கவில்லை. கிளம்பும்போது, "செவ்வாய்க்கிழமை?" என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

நான் தாமரையிடம் போய், "அப்பா வீட்டுல கதையோட முடிவச் சொன்னாராம்மா?" என்று கேட்டேன். "எங்கப்பாவா? கதையா? அவரு வீட்டுல ரெண்டு வார்த்தை பேசுனாலே நாங்க காலண்டர்ல குறிச்சு வைப்போம் அங்கிள்" என்றது. எழுதி வைத்த தாள் இல்லை. போனில் ஒன்றும் இல்லை.

சகோதர சகோதரிகளே! கூட்டம் என்றால் கடைசியில் உறுதிமொழி எடுக்க வேண்டுமாம். ஐயாவின் பெயரில் மண்டபம் கட்டுவேன் என்று சொல்ல எனக்கு வக்கில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். ஐயாவின் கடைசிச் சனிக்கிழமை வேனில் எல்லோரும் இறங்கிய பிறகு நான் அவரைக் கேட்டேன். அவர் சொன்னார். ஆமாம், நாலாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

சிரிக்காதீர்கள். பவுனம்மாள் அக்கா, தயவுசெய்து.

இங்கே சொல்லமாட்டேன். அவர் கதையை நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி, என்னுடைய எட்டாம் நாற்காலி. துண்டை அவிழ்க்கும் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் அவரைவிட மெதுவாகச் சொல்பவன். அந்தத் துண்டை அவிழ்க்கவே எனக்கு இரண்டு வாரம் ஆகும்.

என்ன மாதவி, தலையை ஆட்டுகிறாய்? பாலன் அண்ணன் புளுகுகிறார் என்கிறாயா?

இருக்கட்டும். வந்து உட்கார்ந்து கேள். பொய் என்றால் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொடு.