நானூற்றுப் பன்னிரண்டாவது பெட்டி

நிம்மதிக்கு விலை கிடையாது என்பார்கள். உண்டு. ஒரு கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு ஆயிரத்து நானூறு ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. மொத்தமாக எடுத்தால் குறைப்பார்கள். நான் அதற்கும் கீழே குறைத்து வாங்கினேன். பாதுகாப்பு சாஃப்ட்வேர் விற்க வந்த பையன் கிளம்பும்போது, "சார், நீங்க தப்பான தொழிலுக்கு வந்துட்டீங்க" என்றான். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

உட்கார்ந்துகொள்கிறேன், மேடம். டீ வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாக வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் தமிழ்வேந்தன். ஆம்பூரில் ஆமிர் பாயின் தோல் பதனிடும் டேனரியும் ஷூ ஃபேக்டரியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. ஆயிரத்து எண்ணூறு பேருக்கு அங்கேதான் சோறு. அங்கிருக்கும் கம்ப்யூட்டர் அத்தனைக்கும் நான் பொறுப்பு. கட்டிங்கில் ஓடுவது, பில் போடுவது, கேட்டில் வண்டி நம்பர் பதிவது, எல்லாம் சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு. எதற்கும் நான் எழுந்து போக வேண்டியதில்லை. நாற்காலியில் இருந்தபடியே எந்தப் பெட்டியையும் பூட்டலாம், திறக்கலாம், யார் பெயரில் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். என் திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. பச்சை என்றால் பத்திரம். சிவப்பு என்றால் எங்கேயோ ஓட்டை. அந்த ஒரு ஓட்டை வழியாகத் திருடன் நுழைந்தால் மற்றதெல்லாம் அவன் கையில்.

ஒரே ஒரு புள்ளி சிவப்பாக இருந்தது. பம்ப் ரூம் பெட்டி.

டேனரியின் கழிவு நீரெல்லாம் பின்பக்கத் தொட்டி ஒன்றில் வந்து விழும். அதற்குள் கேஸ் கட்டும். லேசாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். ஜாஸ்தியானால் நாற்றமே தெரியாது, ஆள்தான் விழுவான். அதனால் தொட்டிக்குள் ஒரு கருவி. அதிலிருந்து பம்ப் ரூம் கம்ப்யூட்டருக்கு ஒயர். கேஸ் ஏறினால் கம்ப்யூட்டர் சொல்லும், கூரை மேல் சங்கு அடிக்கும். சங்கு அடித்தால் எவனும் தொட்டிப் பக்கம் போகமாட்டான். அடிக்கவில்லை என்றால் இறங்கலாம். எங்கள் ஆட்கள் அப்படித்தான் பழகியிருந்தார்கள். படிப்பு வேண்டாம், காது போதும்.

அந்தப் பெட்டி விண்டோஸ் ஏழில் ஓடியது. செய்தவனே கைகழுவிய சரக்கு. ஆனால் கேஸ் பார்க்கிற சாஃப்ட்வேர் அதில் மட்டும்தான் ஓடும். புதுசாக எழுதித் தரத் தெரிந்தவர் சென்னையில் ஒருவர்தான் இருந்தார். இரண்டு வருஷம் முன்னால் நேரில் வந்து விலை சொன்னார்.

நான் குடியாத்தத்து லுங்கி வியாபாரி மகன். விலை படியவில்லையா, செருப்பை மாட்டு, எழுந்து நட, தெருமுனைக்குள் கூப்பிடுவான். எங்கள் வீட்டில் நடை பழகும்போதே இதையும் பழகிவிடுவோம். "கட்டாது சார், நாங்க வேற எடம் பாத்துக்கறோம்" என்று எழுந்துவிட்டேன். அவர் கூப்பிடவில்லை. கொஞ்ச நாள் கெத்தாக இருந்தேன். பிறகு நானே போன் போட்டபோது, கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கக் கனடா போய்விட்டார் என்றார்கள். ஆமிர் பாயிடம், "புது சாஃப்ட்வேர் வந்துக்கிட்டே இருக்கு பாய்" என்று சொல்லி வைத்தேன். அது வந்துகொண்டே இருந்தது.

ஷூ வாங்குகிற ஜெர்மன்காரர்கள் போன வருஷம் முதல் கம்ப்யூட்டரையும் ஆடிட் செய்கிறார்கள். தோலைத் தடவிப் பார்க்கிற மாதிரி இதையும் தடவிப் பார்ப்பார்கள். இந்த முறை தேதி வந்ததும் பாய் கூப்பிட்டார்.

"தமிழு, ஒரு செவப்பு இருந்தாலும் ஆர்டர வேற நாட்டுக்கு மாத்திடுவாங்களாம். மாத்திட்டா கேட்டப் பூட்டிட்டு நான் வூட்ல ஒக்கார வேண்டியதுதான். எல்லாம் சரியா இருக்கில்ல?"

"இருக்கு பாய்."

"அந்தப் பம்ப் ரூம் சாமான் வந்துச்சா?"

"வந்துடுச்சு பாய்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். நாற்பத்து மூன்று வயசு. பெண் காட்பாடியில் காலேஜ் முதல் வருஷம். பேரம் பேசிப் பேசியே கோட்டை விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய பெட்டியில் புது விண்டோஸ் ஏற்றிப் பார்த்தேன். கேஸ் சாஃப்ட்வேர் எழுந்திருக்கவே இல்லை. கனடாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சோளிங்கர் மலையேறி வேண்டிக்கொண்டேன். நரசிம்மர் சாஃப்ட்வேர் விஷயத்தில் தலையிடுவதில்லை போல. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். பாதியிலேயே லைட்டை அணைத்துவிட்டேன்.

கடைசியில் அப்பாதான் வழி காட்டினார். கடைக்குப் பெரிய பார்ட்டி வருகிறதென்றால், கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே கறை விழுந்த லுங்கியை உருவிக் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிடுவார். பார்ட்டி பார்த்துவிட்டுப் போனதும் அதே கட்டில் செருகுவார். "நான் பொய் சொல்லலடா, காட்டல, அவ்ளோதான்" என்பார்.

ஆடிட் அன்று காலை, ஷிப்ட் மாறுகிற சந்தடியில் பம்ப் ரூமுக்குப் போனேன். ஒயர்களைப் பிடுங்கிப் பெட்டியைத் தூக்கிவந்து என் மேஜைக்கு அடியில் வைத்தேன். சிவப்புப் புள்ளி மறைந்தது. திரையில் மிச்சமிருந்த எல்லாப் புள்ளியும் பச்சை. மத்தியானத்துக்குள் திரும்ப மாட்டிவிடலாம். சங்கு பாதி நாள் அடிப்பதே இல்லை, மேடம். அடிக்காத ஒரு காலையை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஆடிட்டர் சென்னையிலிருந்து வந்த அம்பிகா என்ற பெண். சுறுசுறுப்பானவர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் ஸ்கேனை ஓடவிட்டார். ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிக்கொண்டே போனது.

பார்ட்டி வருகிற நாளில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பூந்தொட்டி வைப்போம், சுவருக்கு வெள்ளை அடிப்போம், எங்கேயும் நாற்றம் வரக்கூடாது என்று பார்ப்போம். புரொடக்‌ஷன் மேனேஜர் குர்ஷித் பாய், தொட்டி அடைப்பை எடுக்கச் சொல்லிப் பம்ப் ஆபரேட்டர் கனகராஜிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. கனகராஜ் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

"சார், தொட்டில எறங்கச் சொல்றாங்க. இங்க கம்ப்யூட்டர் டிவி மட்டும்தான் இருக்குது, பெட்டியக் காணோம். இன்னா சார் பண்ணீங்க?"

"மாத்திட்டேன்பா. இப்ப என் ரூம்லருந்தே ஓடுது."

"அப்போ சங்கு அடிக்கும்ல?"

"அடிக்கும்."

"இப்போ ஒண்ணும் அடிக்கல. எறங்கலாமா சார்?"

அம்பிகா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் முக்கால் தாண்டியிருந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் பெட்டி என்பேன். பெட்டி என்றால் எல்லாம் போச்சு. போகட்டும், கேஸ் இல்லாமலும் இருக்கலாமே என்று ஒரு நினைப்பு. அது நினைப்பு இல்லை, ஆசை. இப்போது தெரிகிறது.

"எறங்குப்பா" என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்."

"ஏதாவது பிரச்சினையா?" என்றார் அம்பிகா. கேன்டீன் விஷயம் என்றேன்.

கனகராஜ் ஏணியிலிருந்து விழுந்ததைப் பார்த்து ஃபிட்டர் இன்பராஜ் உள்ளே இறங்கினார். இரண்டு பேரும் ஏறி வரவில்லை. கூச்சல் கேட்டு எல்லோரும் பின்பக்கம் ஓடினார்கள். நானும் ஓடினேன், பெட்டியோடு. தொட்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பம்ப் ரூமில் ஒயரை மாட்டினேன். பெட்டி உயிர் வந்த கையோடு சங்கு அடிக்க ஆரம்பித்தது. அதில் ஒரு குறையும் இல்லை. நன்றாகத்தான் வேலை செய்தது.

ஆனால் அந்தக் காலை முழுக்கப் பதிவு வெற்றாகக் கிடந்தது. அதற்கு ஒரு காரணம் வேண்டும் இல்லையா? என் நாற்காலிக்குத் திரும்பி, கனகராஜ் பெயரில் உள்ளே போனேன். அவர் பாஸ்வேர்டு மகள் பெயர், கலையரசி, பின்னால் ஒன்று இரண்டு மூன்று. வீட்டுப் பிள்ளை பெயரை வைக்காதே, எவனாவது கண்டுபிடிப்பான் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கேட்கவில்லை. காலையில் அவரே சங்கை நிறுத்தியதாகப் பதிந்தேன். தொட்டிக்கரையில் அப்போது அவர் மேல் வேட்டியைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து கனகராஜின் மனைவி பூங்காவனம் என் ரூமுக்கு வந்தார். நாற்காலி போட்டேன், டீ வரவழைத்தேன்.

"சார், அவரே சங்க நிறுத்திட்டாருன்னு கம்பெனில எழுதிக் குடுத்துட்டாங்க. எதுக்கு சார் நிறுத்தணும்?"

"சத்தம் பேஜாரா இருந்திருக்கும்மா. சில பேரு அப்படிப் பண்ணுவாங்க."

அந்தம்மா டீயைக் கீழே வைத்தார். "ஆமா சார். வூட்ல மிக்ஸி சத்தமே அவருக்கு ஆவாது" என்றார். என் பொய்க்குக் கால் முளைத்து அதுவே நடந்துவிட்டது.

என் ரூமிலிருந்து நேராக இன்பராஜ் வீட்டுக்குப் போயிருக்கிறார். இன்பராஜின் மனைவி ஹெலன் காலில் விழுந்து, "என் வூட்டுக்காரர் பண்ண தப்புக்கு உன் வூட்டுக்காரர் போய்ட்டாரு, மன்னிச்சுடும்மா" என்று அழுதிருக்கிறார். ஹெலன் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். மறுநாளும் போனாராம். நேற்றும் போனாராம். அதுதான் கொஞ்சம் உறுத்தியது. அதனால் வந்தேன்.

ஆடிட்டா? பாஸ். ரிப்போர்ட்டில் ஒரு சிவப்புகூடக் கிடையாது. ஆர்டர் போனது உண்மைதான், கேட்டைப் பூட்டியதும் உண்மைதான். ஆனால் அது சாவினால் போனது, கம்ப்யூட்டரால் இல்லை. அது என் டிபார்ட்மென்ட் இல்லை.

எழுதினதைக் கொஞ்சம் காட்டுங்கள். இங்கே, "இருவர் சாவுக்குக் காரணமானவன்" என்று இருக்கிறது. மேடம், ஒரு நிமிஷம், இதைக் கொஞ்சம் நேர் செய்யலாம். என்னைக் கேட்டது கனகராஜ். நான் இறங்கச் சொன்னதும் அவரைத்தான். இன்பராஜ் யாரையும் கேட்கவில்லை, தானாகப் போனார். அவரை என் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆக, ஒன்று. அந்த ஒன்றிலும் முதலில் ஏவியது குர்ஷித் பாய். பாதி அவர் பங்கு. மிச்சம் பாதி என்னுடையது, அதை நான் இல்லையென்று சொல்லவே இல்லை. இரண்டை அடித்துவிட்டு அரை என்று போடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறேன்.