ஒரே ஷிப்ட்

மத்திகிரியில் டவுன் பஸ் ஏறிய இரண்டு பெண்கள், ஒரே கம்பெனிச் சீருடையில், என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“அடுத்த வாரத்துலருந்து என் ரூம்மேட்டையும் பகல் ஷிப்ட்டுக்கு மாத்தறாங்கக்கா. பயமா இருக்கு,” என்றாள் சின்னவள்.

“அவகூடச் சண்டையா?”

“ஐயோ, அவ எனக்கு உசுருக்கா. ஒரு வருஷமா அவ நைட்டு, நான் பகலு. ஞாயித்துக்கெழமை நான் எங்க ஊரு கெலமங்கலத்துக்குப் போயிருவேன். சேந்தாப்ல பத்து நிமிஷம் பேசுனதில்ல. நான் அவளுக்குக் கொழம்பு வெச்சுட்டு வருவேன். சாயந்தரம் போனா, என் யூனிபார்மத் தொவச்சு மடிச்சு வெச்சிருப்பா.”

“அப்பறம் என்ன பயம்?”

“தெனமும் மூஞ்சியப் பாத்தா பிடிக்காமப் போயிருமோன்னுதான்.”

மூத்தவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நானும் எங்க வீட்டுக்காரரும் பதினாறு வருஷமா ஒரே ஷிப்ட்டுடி.”